குண்டு முல்லரும் கும்மிடிப்பூண்டியும்

நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி நடக்கிற சமயத்தில், மழைக்கு முன் ஈசல் புறப்படுகிற மாதிரி நம் ஊரில் ஒரு கேள்வி புறப்படுகிறது. 140 கோடி ஜனங்கள் உள்ள தேசத்தில் பந்து உதைக்க 11 பேர் கிடைக்கவில்லையா? கேட்பவர் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார். பதிலை அவரே மடியில் கட்டிக்கொண்டு வந்திருப்பார். "நம்ம உடம்பு அதுக்குத் தோதுப்படாது சார். சோத்து உடம்பு. அதெல்லாம் ஜெர்மன்காரன் சமாசாரம்" என்று சொல்லிவிட்டு, ஜெர்மன்காரன் அடிக்கிற கோலைப் பார்க்க டெலிவிஷன் பக்கம் திரும்பிவிடுவார்.

இந்தப் பதிலை நான் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன், ரயிலில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் பாயசத்தோடு சேர்த்து விழுங்கியும் இருக்கிறேன். சொல்கிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். நானோ கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இது பொய் என்று சொல்வதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அதிலும் இது வெறும் பொய் அல்ல, சௌகரியமான பொய். பழியை உடம்பின் மேல் போட்டுவிட்டால், அப்புறம் யாரும் எதற்கும் பொறுப்பில்லை அல்லவா?

ஜெர்மன்காரனைப் பற்றித்தானே பேச்சு? அப்படியானால், கோல் அடிப்பதற்கென்றே பிறந்தவர் என்று ஜெர்மனியே கொண்டாடுகிற மனிதரையே எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் கெர்ட் முல்லர். 1945 நவம்பரில் பிறந்தவர். 2021 ஆகஸ்டில் காலமானவர். தம் தேசத்துக்காக 62 ஆட்டம் ஆடி 68 கோல் அடித்தார். ஆட்டத்துக்கு ஒரு கோல் என்று வைத்துக்கொண்டாலும், மேல்வரும்படியாக ஆறு மிஞ்சுகிறது! ஜெர்மனியின் முதல்தரப் போட்டியான பூண்டஸ்லிகாவில் 427 ஆட்டங்களில் 365 கோல். இந்தக் கணக்கை இதுவரை ஒருவரும் தாண்டவில்லை. 1971-72 பருவத்தில் மட்டும் 40 கோல். அதைத் தாண்ட லெவன்டோவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் 2021-இல் வரவேண்டியிருந்தது. அவரும் ஒரே ஒரு கோல்தான் கூடுதலாக அடித்தார்.

இந்த மகானுபாவர் எப்படி இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? தேவதாரு மரம் மாதிரி ஓங்கி வளர்ந்தவர் என்றா? அதுதான் இல்லை. நடுத்தர உயரத்தைத் தாண்டாதவர். தடித்த தொடை, குட்டைக் கால். 1964-இல் பையர்ன் மியூனிக் குழுவில் அவர் வந்து சேர்ந்தபோது அங்கே பயிற்சியாளராக இருந்தவர் யுகோஸ்லாவியாக்காரரான சாய்கோவ்ஸ்கி. அவர் இந்தப் பையனுக்கு வைத்த பெயர் 'சின்னக் குண்டு முல்லர்'. அந்தக் கேலிப் பெயரே பிறகு செல்லப் பெயராக நின்றுவிட்டது. இந்த உடம்போடு நம் ஊர்த் தேர்வுக் குழு எதற்கும் அவர் வந்து நின்றிருந்தால், உயரம் அளக்கிற குச்சிக்கு முன்பாகவே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அவர் அடித்த கோல்களும் சித்திரத்தில் எழுதத்தக்கவை அல்ல. 1974 ஜூலை 7-ஆம் தேதி மியூனிக்கில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஹாலந்தை வீழ்த்திய கோலையே பாருங்கள். வலப்பக்கத்திலிருந்து பந்து வருகிறது. அதை நிறுத்தப் போகிறார். பந்து காலில் பட்டுப் பின்னால் போய்விடுகிறது. இன்னொருவராக இருந்தால் 'போச்சு' என்று தலையில் கை வைத்திருப்பார். இவர் குண்டு உடம்பைத் திருப்பிக்கொண்டு, பின்னால் போன பந்தைத் தேடிப் போய்த் தட்டுகிறார். அது வேகமாகக்கூடப் போகவில்லை. தரையோடு தரையாக உருண்டு போய் வலைக்குள் படுத்துக்கொண்டது. ஜெர்மனிக்கு உலகக் கோப்பை! அன்றோடு, 28-ஆம் வயதில், தேசியக் குழுவிலிருந்தும் அவர் விலகிக்கொண்டார். உயரமானவர்களுக்கு இல்லாத ஒரு வசதி குட்டையானவருக்கு இருந்தது: இரண்டு பேர் நெருக்குகிற சந்தில் சட்டென்று திரும்ப முடியும். குறை என்று ஊர் சொன்னதை அவர் தொழிலாக்கிக்கொண்டார்.

ஆகவே உடம்பைப் பற்றிய பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். நமக்கு வேண்டிய கேள்வி வேறு. இந்தக் குண்டுப் பையன் எங்கிருந்து வந்தான்?

நோர்ட்லிங்கன் என்ற சிற்றூரிலிருந்து வந்தான். இன்றைக்கும் அங்கே சுமார் 20,000 பேர்தான். நம் கும்மிடிப்பூண்டி அதைவிடப் பெரிய ஊர். அவன் படித்த தொழில் நெசவு. ஆலையில் தொழில் பழகுகிற பையனாக இருந்துகொண்டு, ஊரில் 1861-ஆம் வருஷமே ஏற்பட்டுவிட்ட உடற்பயிற்சிச் சங்கத்தின் குழுவில் பந்தாடினான். தறிக்கு ஒரு நேரம், பந்துக்கு ஒரு நேரம். இந்த இரண்டாவது நேரம் இருந்ததே, அதுதான் சங்கதி. அதை யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நெசவாலைப் பையன் ஒருவன் உலக வீரனாவது ஏதோ அதிசயம் என்று நினைக்கவேண்டாம். இன்று நம் பிள்ளைகள் பனியனில் பெயர் எழுதிப் போட்டுக்கொண்டு திரிகிற சீமைக் குழுக்களின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். ஆர்சனல் என்றால் ஆயுதச் சாலை. 1886-இல் உல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகள் சேர்த்த குழு அது. மான்செஸ்டர் யுனைடெட், 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில் பெட்டிப் பட்டறைக்காரர்கள் தொடங்கியது. வெஸ்ட் ஹாம், 1895-இல் தேம்ஸ் நதிக்கரை இரும்புப் பட்டறையில் பிறந்தது. ஜெர்மனியின் லெவர்குசன் 1904-இல் பேயர் மருந்துக் கம்பெனியின் தொழிலாளர்கள் மனுப் போட்டு ஏற்படுத்திக்கொண்டது. ஹாலந்தின் ஐந்தோவன் குழு 1913-இல் பிலிப்ஸ் கம்பெனியில் உதித்தது.

ஆயுதச் சாலை, ரயில் பெட்டிப் பட்டறை, இரும்புப் பட்டறை! இவை நமக்குத் தெரியாத இடங்களா? ஆவடியில் டாங்கி செய்கிறோம். பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்கிறோம். கும்மிடிப்பூண்டியில் இரவு பகலாக இரும்பு உருக்குகிறோம். சென்னையிலிருந்து வடக்கேயும் மேற்கேயும் போகிற இரண்டு ரயில் பாதைகளிலும் இங்கிலாந்தின் பாதிக் கால்பந்துச் சரித்திரத்துக்கு வேண்டிய தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. சரித்திரம் மட்டும் நடக்கவில்லை. ஏன்?

அங்கே 1850-இல் ஒரு சட்டம் வந்தது. பஞ்சாலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது அது. பெண்களும் பையன்களும் போய்விட்டால் ஆலை எப்படி ஓடும்? மெல்ல மெல்ல ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. 2 மணிக்குச் சங்கு. 3 மணிக்குப் பந்து. சனிக்கிழமை 3 மணி ஆட்டம் என்கிற சீமை வழக்கம் அந்தச் சங்கின் குழந்தை. ஜெர்மனியில் 1918 புரட்சியை ஒட்டி எட்டு மணி நேர வேலை வந்தது. அதற்குப் பிறகுதான் சீமான் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக இருந்த கால்பந்து அங்கே தொழிலாளித் தெருவின் விளையாட்டாயிற்று. ஆம்பர்க் துறைமுகத்துத் தொழிலாளியின் மகன் ஊவே சீலர், முல்லருக்கு முன்னால் ஜெர்மனி கொண்டாடிய கோல் வீரர், அந்தத் தெருவில் வந்தவர். கோல் அடிக்கிறவனை எலும்பும் சதையும் உண்டாக்குவதில்லை ஐயா. அவனை உண்டாக்குவது ஓய்வு நேரம். அந்த நேரத்தில் கால் வைக்க ஒரு வெளி.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை; நம் தேசத்தில் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்தது. நடந்ததை நாம் மறந்தோம்.

சுதந்திர இந்தியாவின் கால்பந்துக் குழு ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஆடியது 1948-இல், லண்டனில். பிரான்ஸோடு மோதியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இந்தப் பெயரை எந்தப் பாடப்புத்தகத்திலாவது நீங்கள் படித்ததுண்டா? எட்டு வருஷம் கழித்து, 1956-இல், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றோம். மூன்று கோல் நெவில் டிஸோஸாவுடையவை. ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியாக்காரர் அவர்தான். நாலாவது கோல் கிட்டு என்று செல்லமாக அழைக்கப்பட்ட கிருஷ்ணஸ்வாமியுடையது. அரையிறுதியில் யுகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலைப் போட்டவரும் நெவில்தான். பிறகு அவர்கள் நாலு போட்டு நம்மை மடக்கிவிட்டார்கள். அந்த ஒலிம்பிக்கில் அதிகக் கோல் அடித்தவர்கள் மூன்று பேர், ஆளுக்கு நாலு கோல். அதில் ஒருவர் இந்தச் சோத்து உடம்புக்காரர். இந்தியா நாலாவது இடம் பெற்றது.

இந்த நெவில் டிஸோஸா எங்கே ஆடினார்? பம்பாயில், டாட்டா கம்பெனியின் குழுவில். பிறகு கால்டெக்ஸ் பெட்ரோல் கம்பெனியின் குழுவில். அந்தக் கால்டெக்ஸ் 1958-இல் ரோவர்ஸ் கோப்பையையே ஜெயித்தது. ஒரு பெட்ரோல் கம்பெனி கோப்பை ஜெயிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? சம்பளம் கொடுத்தவன் சாயங்காலத்தையும் கொடுத்தான் என்று அர்த்தம்.

1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தி ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கினோம். அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அவர் முதலில் முன்வரிசையில் கோல் அடிக்கிறவராக ஆடிக்கொண்டிருந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, வெல்லிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்டில்தான் கோல் காவலரானார். அந்த ரெஜிமெண்ட் 1955-லும் 1958-லும் ட்யூராண்ட் கோப்பையைத் தூக்கியது. தங்கராஜ் கடைசிக் காலத்தை பொகாரோ இரும்பாலை நகரத்தில் கழித்து, 2008-இல் அங்கேயே காலமானார். பட்டாளம், பெட்ரோல், ரயில், இரும்பு. இந்த நாலும்தான் நம்முடைய பொற்காலத்துக்குச் சோறு போட்டன.

இரும்பு என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1902-இல் தம் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கட்டப்போகும் இரும்பு நகரத்தில் அகலமான தெருக்கள் போடு, நிழல்மரம் நடு, கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பெரிய இடமாக ஒதுக்கிவை என்கிற கருத்தில் எழுதினார். அப்போது அங்கே ஆலை இல்லை, உலை இல்லை, நகரத்துக்கு இடம்கூட முடிவாகவில்லை. எழுதியவர் 1904-இல் கண்ணை மூடிவிட்டார். உலை எரிவதற்கு முன்னால் மைதானம் மனசில் எழுந்துவிட்டது. அந்த மனுஷர் லாபநஷ்டம் தெரியாத சந்நியாசி அல்ல, பெரிய வியாபாரி. வியாபாரியின் கணக்கிலும் பந்துக்கு ஒரு பத்தி இருந்தது.

இனிக் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். மின்சார ரயில்கள் பல அங்கேதான் முடிகின்றன. கல்கத்தா நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஆந்திரா. சிப்காட் என்கிற அரசாங்கத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1971-இல் ஏற்பட்டது. அது அமைத்த பேட்டைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. கம்பி இழுக்கிற ஆலை, இரும்பு உருக்குகிற ஆலை, ரசாயன ஆலை என்று வரிசையாகப் போகும். மாவட்டத்தின் மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் போனால் காக்களூர்த் தொழிற்பேட்டை. நான் இந்தத் தெருக்களில் பல நாள் நடந்திருக்கிறேன். கம்பி ஏற்றிய நீண்ட லாரிகள் நிற்க இடம் இருக்கிறது. கழிவு இரும்பு மலையாகக் குவிய இடம் இருக்கிறது. எடைமேடைக்கு இடம் இருக்கிறது. அம்மனுக்கும் பிள்ளையாருக்கும்கூட இடம் கிடைத்திருக்கிறது. நான் நடந்த தெருக்களில் பந்து உருள இடம் காணவில்லை.

பையன்கள் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? ஒடிஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், இருபது இருபத்திரண்டு வயசு, தகரக் கொட்டகைகளில் பத்துப் பேர் பன்னிரண்டு பேராக அடைந்து கிடக்கிறார்கள். வங்காளத்தான் எந்த ஊருக்குப் போனாலும் காலில் பந்தோடு போவான் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்படி ஏழெட்டுப் பேர், உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு, ஓர் ஆலையின் மதில் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். லாரி வந்தால் ஒதுங்குவார்கள், போனதும் ஆடுவார்கள். இரண்டு செங்கல் கோல் கம்பம். குட்டையாக ஒரு பையன் இருந்தான். திரும்புகிற திருப்பத்தில் எதிராளி இரண்டு பேர் தடுமாறினார்கள். பந்து மதிலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. ஆட்டம் முடிந்தது.

வாயிலில் வயதான வாட்ச்மேன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "பந்தை எடுத்துக் கொடுங்களேன், பெரியவரே" என்றேன்.

"திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு ஆர்டர், சார்."

"அப்படியானால் உள்ளே எத்தனை பந்து சேர்ந்திருக்கிறது?"

"ஏழு இருக்கு சார். நாலு காத்துப் போயிடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "குடுத்தா என் வேலை போயிடும். குடுக்கலைன்னா அந்தப் பசங்க மூஞ்சியைப் பாக்க முடியலை. அதான் இப்படித் திரும்பி உக்காந்துக்கிறேன்."

அந்த ஆலையின் பெயர் வேண்டாம். ஓர் ஆலையோடு எனக்கு வழக்கில்லை. பந்து உள்ளே வந்தால் கண்ணாடி உடையலாம், யாராவது பந்தை எடுக்க ஏறிக் குதித்து அடிபடலாம், அப்புறம் விசாரணை வரும் என்று அந்த அதிகாரி நினைத்திருப்பார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மதிலுக்கு வெளியே ஒரு மைதானம் இருந்திருந்தால் மதிலுக்கு உள்ளே ஏழு பந்து சேர்ந்திருக்காது. அந்த நியாயத்தை யார் கேட்பது?

இடத்தைவிட மோசம் நேரத்தின் கதை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் உணவுக்கூடம் வைக்கச் சொன்னது. 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை வைக்கச் சொன்னது. நல்ல சட்டம்தான். சாப்பிடவும் உட்காரவும் வழி செய்தவர்கள், ஓடியாட வழி செய்ய மறந்துவிட்டார்கள். சரி, இருக்கிற வரம்பாவது நிற்கிறதா? ஒப்பந்தக் கூலியாக வருகிற பையனுக்கு 12 மணி நேர ஷிப்ட் என்பது இந்தப் பேட்டைத் தெருக்களில் டீக்கடைப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். 2023 ஏப்ரலில், ஒரு நாளைக்கு 12 மணி வரை வேலை வாங்க வழிவிடும் மசோதா ஒன்று நம் சட்டசபையிலேயே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன, மே முதல் தேதி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக முதலமைச்சர் அறிவித்தார். எதிர்த்தவர்களை வாழ்த்துகிறேன். ஆனால், உலைக்கு எதிரே 12 மணி நேரம் நின்ற பையன் கொட்டகைக்குப் போய்ப் பந்தா தேடுவான்? பாயைத் தேடுவான். முல்லர் அங்கே இருந்தாலும் பாயைத்தான் தேடியிருப்பார்.

இந்த இடத்தில் நண்பர்கள் இரண்டு ஆட்சேபணை சொல்வார்கள். முதலாவது: "பிரேசில்காரன் ஏழைதானே? அவனுக்கு எந்த ஆலை முதலாளி மைதானம் கொடுத்தான்?" இது கெட்டிக்காரத்தனமான கேள்வி, ஆனால் தப்பான ஆளைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 1958-லும் 1962-லும் பிரேசில் உலகக் கோப்பை வென்றபோது அதன் வலப்பக்கத்தில் ஆடிய கரிஞ்சா, பிறவியிலேயே கால் கோணலானவர். பாவ் கிராந்தே என்ற ஊரில் பஞ்சாலைத் தொழிலாளி. வேலையில் சோம்பேறி என்று ஆலை அவரை ஒருமுறை வெளியே தள்ளியது. ஆலைக் குழுவுக்குப் பந்தாட ஆள் வேண்டும் என்று திரும்பவும் எடுத்துக்கொண்டது. கோணல் கால், பஞ்சாலை வேலை, ஆலைக் குழு! ஜெர்மனியில் நெசவுப் பையன், பிரேசிலில் பஞ்சாலைப் பையன். நம்முடைய பெரம்பூர் பின்னி ஆலையில் எத்தனை தலைமுறை நெய்தது என்பதையும் இத்தோடு நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆட்சேபணை: "கிரிக்கெட் கொன்றுவிட்டது." கிரிக்கெட் யாரையும் கொல்லவில்லை. ஒரு மைதானம் இருக்கிற இடத்தில் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று வியாசர்பாடிக்குப் போய்ப் பாருங்கள். 'குட்டி பிரேசில்' என்றே அந்தப் பேட்டைக்குப் பெயர். அந்தத் தெருக்களில் உதைத்துப் பழகிய தன்பால் கணேஷ் தேசியக் குழுவிலேயே ஆடினார். இன்னும் கேளுங்கள்: பெண்களுக்கான தேசியப் போட்டியில் 2018-இல் மணிப்பூரையும், 2023-இல் ஹரியானாவையும் இறுதி ஆட்டத்தில் வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் பட்டம் வாங்கினார்கள். அந்தப் பெண்களில் பெயர் பெற்றவர் கடலூர் இந்துமதி கதிரேசன். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகம். மறுபடியும் அதே கதைதான். சம்பளத்தோடு சாயங்காலமும் கிடைத்த இடத்தில் ஆட்டக்காரி வந்தாள். அவளும் சோறுதான் தின்கிறாள்.

நமக்கு இருந்ததையும் நாம் எப்படித் தொலைத்தோம் என்று பாருங்கள். 1996-97-இல் முதல் தேசிய லீக் போட்டி நடந்தது. ஜெயித்தது பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரின் ஜே.சி.டி. பஞ்சாலைக் குழு. நம் சென்னையிலிருந்து இந்தியன் வங்கிக் குழு ஆடியது. 2010-இல் மஹிந்திரா தன் குழுவைக் கலைத்தது. 2011-இல் அந்த ஜே.சி.டி.யும் கலைந்தது. 2014-இல் சூப்பர் லீக் வந்தது. வாண வேடிக்கை, சினிமா நட்சத்திரங்கள், வெளிநாட்டிலிருந்து ஓய்வு பெற்ற வீரர்கள். சென்னைக் குழு இரண்டு முறை பட்டமும் வென்றது; எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது பார்க்கிறவனுக்கு ஏற்பட்ட ஏற்பாடு. ஆடுகிறவனை உண்டாக்குகிற ஏற்பாடு அல்ல. ஆலைக் குழுவில் நூறு பேர் ஆடி ஒருவன் மேலே போவான். மேலே போகாத தொண்ணூற்றொன்பது பேருக்கும் வேலை இருக்கும். இங்கே ஆடத் தேறாதவனுக்கு என்ன இருக்கிறது? டிக்கெட் இருக்கிறது.

முல்லரின் பிற்காலத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அதிலும் நமக்குப் பாடம் உண்டு. 1979-இல் மியூனிக்கை விட்டு அமெரிக்கா போனார். ஆட்டம் ஓய்ந்தது. குடியில் விழுந்தார். நம் ஊராக இருந்தால் பழைய வீரன் குடித்துத் திரிகிறான் என்று ஒரு பத்திரிகைச் செய்தியோடு கணக்கு முடிந்திருக்கும். அங்கே கூட ஆடியவர்கள் கையைப் பிடித்து இழுத்துச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பழைய குழுவே அழைத்து, இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை போட்டுக்கொடுத்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தார். பிறகு மறதி நோய் வந்தது. 2015-இல் அதைக் குழுவே உலகத்துக்கு அறிவித்தது. முல்லர் வந்தபோது அந்தக் குழு இரண்டாந்தரப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய கோல்கள் இல்லாவிட்டால் தாங்கள் இன்னும் அந்தப் பழைய மரக் கொட்டகையில்தான் இருந்திருப்போம் என்று பெக்கன்பவர் சொன்னதுண்டு. அவர் பிறந்த ஊர் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்க அங்கே முதலில் ஒரு மைதானம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நெவில் டிஸோஸா 1980-இல், ஐம்பது வயதுகூட ஆகாமல், காலமானார். நம் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "யாரு, மிட்டாய்க் கம்பெனியா?" என்று கேட்பார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. நினைப்பதற்கு ஓர் இடம் வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மைதானத்தில் உட்கார்ந்து கிழவர்கள் பழைய ஆட்டம் பேசினால்தான் பெயர்கள் பிழைக்கும். மைதானம் இல்லாத ஊரில் வீரனும் இல்லை. வீரனின் ஞாபகமும் இல்லை.

"பணம் வேண்டாமா?" என்பார்கள். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் லாபம் வருகிற பெரிய கம்பெனிகளை, அந்த லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு பொதுக் காரியத்துக்குச் செலவிடச் சொல்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் விளையாட்டுப் பயிற்சியும் உண்டு. அந்தப் பணத்தில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும்: வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தில் பனியன் விநியோகம், முதுகில் கம்பெனி பெயர் பெரிதாக, ஒரு புகைப்படம். பனியன் போட்ட பையன் எங்கே போய் ஆடுவான் என்று படம் எடுத்தவர் கேட்பதில்லை.

நான் கேட்பது பெரிய வரம் அல்ல. உலக வீரன் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தொழிற்பேட்டையிலும் இரண்டு ஆலைக்கு நடுவே ஒரு மைதானம்; பூட்டு இல்லாமல், இரவு ஷிப்ட் பையனும் காலையில் ஆட, பகல் ஷிப்ட் பையனும் விளக்கு வெளிச்சத்தில் ஆட. வாரத்தில் ஒரு சாயங்காலம், சம்பளம் பிடிக்காமல். கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குள் ஒரு லீக் போட்டி. ஒடிஸாப் பையனும் பொன்னேரிப் பையனும் ஒரே பனியனில் நின்றால், டீக்கடைகளில் அவர்களுக்குள் எழுகிற சில்லறைச் சண்டைகளுக்கும் அது மருந்தாகும். இவ்வளவும் செய்து ஒரு முல்லரும் வராமலே போகட்டும். அப்போதும் நஷ்டம் இல்லை; 12 மணி நேரம் இயந்திரத்தின் அங்கமாக இருந்த ஆயிரம் பேர் ஒரு மணி நேரம் மனுஷர்களாக இருந்திருப்பார்கள். அது ஓர் உலகக் கோப்பையைவிடக் குறைந்த லாபம் என்று எவன் சொல்லுவான்?

இதைச் செய்யாமல், 140 கோடியில் 11 பேர் இல்லையா என்று இனி யாரும் என்னிடம் கேட்கவேண்டாம். அந்த 11 பேரில் ஒருவன், குட்டையாக, சட்டென்று திரும்பத் தெரிந்தவனாக, அந்த மதிலோரத்தில் நின்றதை நான் பார்த்தேன். முதலில் அந்தப் பந்தைத் திருப்பிக் கொடுங்கள். உடம்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.